சாமிக்கு உடைந்த தேங்காய்

முதல் படம் எப்போதும் தலைகீழாகத்தான் விழும். பனி மேலே இருக்கும், வானம் கீழே கிடக்கும், நடுவில் கலைமான்கள் கூரையில் கால் பதித்து நடந்துகொண்டிருக்கும். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று விக்னராஜா புரொஜெக்டருக்குள் விரலை விட்டுச் சுட்டுக்கொள்வார். சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் படத்தைத் திருப்பிப் போடுவார். இம்முறை இடம் வலமாக மாறியிருக்கும். மான்கள் வந்த வழியே திரும்பிப் போகும். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "பரவாயில்லை, போற இடம் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமுவார்.

இது நடப்பது மெல்பேணில், கிளேய்ட்டன் பக்கத்தில், அவருடைய வீட்டு விறாந்தையை ஒட்டிய அறையில். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் யன்னல்களுக்கெல்லாம் கம்பளிகள் தொங்கிவிடும். வாசலில் நாலைந்து கார்கள் நிற்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் இதைப் பார்த்துப் பார்த்து, இந்தக் குடும்பத்தில் அடிக்கடி சாவு விழுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். ஒருமுறை கேக்கோடு வந்து துக்கம் விசாரித்தார். விக்னராஜா அவரையும் பிடித்துக் கதிரையில் இருத்திப் படம் காட்டினார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேணில் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. கோயில் என்ற பேச்சே கிடையாது. கறிவேப்பிலை காய்ந்து சருகாகித் தபாலில் வரும். அதையும் சுங்க அதிகாரிகள் மோந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். ஆகவே ஒரு தமிழ் வீட்டில் வடை சுடுகிறார்கள் என்றால், அங்கே என்ன படம் காட்டினாலும் சனம் வரும். விக்னராஜாவின் மனைவி இராஜேஸ்வரியின் வடை அப்படிப்பட்ட வடை.

விக்னராஜா தொலைபேசித் திணைக்களத்தில் எஞ்சினியர். ஒல்லியான நெடிய ஆள். ஞாயிற்றுக்கிழமையிலும் டை கட்டுவார். கதவைப் பூட்டிவிட்டு மூன்றுமுறை இழுத்துப் பார்ப்பார். பிறகு மனைவியை இழுத்துப் பார்க்கச் சொல்வார். எதைச் சொன்னாலும் முடிவில் "லைன் கிளியரோ?" என்று கேட்பது வழக்கம். கடையில் தேங்காய் வாங்கும்போது அதைக் காதில் வைத்து, ரிசீவரைப் பிடிப்பதுபோலப் பிடித்து, தட்டிக் கேட்பார். பின்னால் நிற்கும் வெள்ளைக்காரப் பெண்கள் அவர் யாருடனோ கதைத்து முடியட்டும் என்று மரியாதையாகக் காத்து நிற்பார்கள்.

படக்காட்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு விஷயம் விளங்கிவிடும். இங்கே நடப்பது ஒரு வழக்கு. படங்கள்தான் சாட்சி. வடை தின்கிறவர்கள் எல்லாரும் நீதவான்கள். எதிராளி குசினியில் நின்று அந்த வடையைச் சுட்டுக்கொண்டிருப்பார்.

வழக்கின் வேர் எழுபத்திரண்டாம் ஆண்டில் இருக்கிறது. அந்த வருடம் இராஜேஸ்வரிக்குக் கருப்பையில் கட்டி வந்தது. கூடாத கட்டி என்றார் டொக்டர். சத்திரசிகிச்சை அறைக்குள் மனைவியைத் தள்ளிக்கொண்டு போனதும் விக்னராஜா வெளியே நடையில் தனியே நின்றார். அவர் பெரிய பக்திமான் இல்லை; திருநீறு பூசுவதுகூட மனைவி பார்க்கிறபோதுதான். ஆனால் அந்தக் கதவு மூடியதும் வாய் தானாக முணுமுணுத்தது: "சாமி, இவளை எழுப்பித் தாரும். முதல் எந்தச் சாமி திருவிழா எனக்குக் கிடைக்குதோ, அதிலை தேங்காய் உடைக்கிறன்."

எந்தச் சாமி என்று அவர் சொல்லவில்லை. பிள்ளையாரா, முருகனா, அம்மனா, ஒன்றுமில்லை. ஓர் இலக்கம் பிசகினால் கோல் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று திணைக்களத்தில் பெடியன்களுக்குப் பாடம் எடுக்கிற மனிதர், பேர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், வெறும் 'சாமி' என்று டயல் பண்ணிவிட்டார்.

இராஜேஸ்வரி எழும்பி வந்தார். ஐந்து வருடம் தவறாமல் வந்து காட்ட வேண்டும், ஐந்தாம் வருடமும் ஒன்றுமில்லை என்றால்தான் முழுச் சுகம் என்றார் டொக்டர். விக்னராஜா நேர்த்திக்கடனை நினைத்துக்கொண்டார். ஆனால் அவுஸ்திரேலியாவில் திருவிழாவுக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்து நல்லூருக்குப் போகலாமென்றால் லீவு கிடைத்தபோது ரிக்கற் கிடைக்கவில்லை. ரிக்கற் கிடைத்தபோது லீவு கிடைக்கவில்லை. நேர்த்தி தலைக்குமேல் தொங்கிக்கொண்டே இருந்தது. மனைவி ஒரு தும்மல் தும்மினாலும் அவருக்கு அது நினைவுக்கு வந்துவிடும்.

எழுபத்தைந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் புதிய இணைப்பு யந்திரங்களைப் பற்றிப் படிக்கத் திணைக்களம் அவரைச் சுவீடனுக்கு அனுப்பியது. அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவன் நில்ஸ் என்ற இளைஞன். வட துருவப் பக்கத்து ஆள். இருவரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் விக்னராஜா கதை சொல்லும்போது நில்ஸ் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் பேசுவான்.

"பெப்ரவரியிலை எங்கடை ஊரிலை சாமி திருவிழா. வாறீரோ?"

விக்னராஜா கோப்பியைக் கீழே வைத்தார். "சாமி திருவிழாவோ? இஞ்சையோ?"

"ஓம். முந்நூறு வருசத்துக்கு மேலை நடக்குது."

"தேர் இருக்குதோ?"

"பனியிலை சறுக்கிற வண்டில்கள் வரிசையா வரும். மான் இழுக்கும்."

"மேளம்?"

நில்ஸின் முகம் கறுத்தது. "முந்தி வீட்டுக்கு வீடு மேளம் இருந்தது. பாதிரிமார் வந்து பறிச்சு எரிச்சுப்போட்டினம்."

"எங்கடை நல்லூர்க் கோயிலையும் போர்த்துக்கேயன் வந்து இடிச்சவன்" என்றார் விக்னராஜா. இருவரும் கோப்பியைக் குடித்து முடித்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் ஏது? தேர் உண்டு, மேளம் இருந்திருக்கிறது, பறங்கி வந்து கெடுத்தும் இருக்கிறான். சாமி திருவிழாவுக்கு வேறென்ன வேண்டும்?

அன்றைக்கே மெல்பேணுக்குக் கோல் எடுத்தார். இராஜேஸ்வரிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "சுவீடனிலை சாமியோ? ஆரப்பா கட்டினது?" என்று கேட்டார். முந்நூறு வருடக் கதையைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "அப்ப எங்கடை ஆக்கள்தான் கப்பலிலை போயிருப்பினம். தேங்காயை மறக்காதேங்கோ. அண்டைக்கு மச்ச மாமிசம் ஒண்டும் தின்னாதேங்கோ." வழக்கில் இது முக்கியமான இடம். "நீர்தானே போகச் சொன்னனீர்!" என்று விக்னராஜா இந்த இடத்தில் குசினிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்துவார். குசினியிலிருந்து எண்ணெய் கொதிக்கும் சத்தம் மட்டும் வரும்.

ஸ்டொக்ஹோம் கடையொன்றில் அன்னாசிப்பழங்களுக்கு நடுவே ஒரு தேங்காயைக் கண்டுபிடித்தார். வேட்டி, திருநீறு, கற்பூரம் எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. இரவு முழுக்க நில்ஸுடன் ரயில், பிறகு பஸ். யொக்மொக் என்ற ஊர். துருவ வட்டத்துக்கு அப்பால். பஸ்ஸுக்குள் அவருக்கு ஒரு கவலை வந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது.

"நில்ஸ், உள்ளை போகேக்கை மேலுடுப்பைக் கழட்ட வேணுமோ?"

நில்ஸ் யன்னலுக்கு வெளியே கிடந்த பனியைக் காட்டினான். "உயிரோடை திரும்பிப் போற எண்ணமிருந்தால் கழட்டாதேயும்."

இந்த இடத்தில் இரண்டாம் படம் விழும். பனிவெளியில் விக்னராஜா. கம்பளிக் காற்சட்டைக்கு மேலே வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறார். வேட்டியும் வெள்ளை, பனியும் வெள்ளை. இடுப்புக்குக் கீழே ஆளைக் காணவில்லை. டை கட்டிய பாதி மனிதர் ஒருவர் கையில் தேங்காயோடு அந்தரத்தில் நிற்கிறார். தலையில் வைத்திருந்த தேங்காயெண்ணெய் உறைந்து மயிரெல்லாம் வெள்ளையாகிவிட்டது. மீசையில் பனிக்கட்டி.

"எங்கை அண்ணை உங்கடை கால்?" என்று யாராவது கேட்பார்கள். "கால் இருந்தது. ஆனா எனக்கும் அந்த நேரம் அது தெரியேல்லை" என்பார்.

பிறகு மான் ஊர்வலம். நீல உடுப்பில் சிவப்பும் மஞ்சளும் கரைபோட்ட ஆண்களும் பெண்களும் மான்களைக் கயிற்றில் பிடித்து முன்னே நடக்கிறார்கள். நுனி மேல்நோக்கி வளைந்த சப்பாத்துக்கள், நெஞ்சில் வெள்ளிப் பதக்கங்கள். சறுக்கு வண்டில்களில் குழந்தைகள் தோலால் சுற்றப்பட்டு, மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கிழவர் வாயைத் திறந்து அடித்தொண்டையில் பாடிக்கொண்டே போகிறார். "அது ஆரையும் பற்றின பாட்டில்லை" என்று விளக்குவார் விக்னராஜா. "ஓநாயைப் பற்றிப் பாடுறேல்லை. ஓநாயையே பாடுறது. லைன் கிளியரோ?" யாருக்கும் கிளியர் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் எல்லாருக்கும் வடை மறந்துபோகும்.

ஊர்வலம் போய் முடிந்தது. விக்னராஜா சாமியைத் தேடினார். கூடாரத்துக்குக் கூடாரம் எட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் கொம்புப்பிடிக் கத்தி விற்றார்கள், ஓரிடத்தில் தோல் விற்றார்கள், ஓரிடத்தில் காய்ந்த இறைச்சி. கடைசியில் நில்ஸைப் பிடித்தார்.

"சாமி எங்கை?"

"எந்தச் சாமி?"

"சாமியப்பா! சாமி!"

நில்ஸ் கூட்டத்தை நோக்கிக் கையை விரித்தான். "இஞ்சை நிக்கிற எல்லாரும் சாமிதானே. நானும் சாமி. என்ரை அக்காவும் சாமி. அந்தா, மான் விலை பேசிச் சண்டை பிடிக்கிறான், அவனும் சாமி."

ஒரு கணம் விக்னராஜாவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இவ்வளவு குளிருக்குள் இவ்வளவு பெரிய தத்துவமா! ஆனால் அவர் சைவ சித்தாந்தப் பரம்பரை. நானே கடவுள் என்கிற கதை அவருக்கு ஒத்துவராது. "அப்பிடிச் சொல்லப்படாது, தம்பி" என்று நில்ஸுக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கினார். பதி, பசு, பாசம் மூன்றையும் விளக்கி முடித்தபோதுதான், நில்ஸ் மெதுவாகத் தன் சனத்தின் பெயரே சாமி என்பதைச் சொன்னான். மற்றவர்கள் தங்களுக்கு வைத்த பட்டப்பெயர் தங்களுக்குப் பிடிக்காது, தாங்கள் தங்களைச் சொல்வது சாமி என்றுதான் என்றான்.

விக்னராஜா தேங்காயைப் பார்த்தார். தேங்காயின் மூன்று கண்ணும் அவரைப் பார்த்தன.

வேறொருவர் என்றால் தேங்காயைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பியிருப்பார். விக்னராஜா நின்று யோசித்தார். தான் வேண்டிக்கொண்ட வசனத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தார். முதல் எந்தச் சாமி திருவிழா கிடைக்கிறதோ, அதில். கிடைத்துவிட்டது. இதை விட்டுவிட்டுப் போனால் சொன்ன சொல் தவறியதாகுமே! மனைவி மெல்பேணில் தனியே இருக்கிறாள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று நினைத்து, கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி, தேங்காயைத் தலைக்குமேல் தூக்கி, உறைந்த ஏரியின்மேல் ஓங்கி அடித்தார்.

தேங்காய் உடையவில்லை. உள்ளே தண்ணீர் உறைந்து அது இரும்புக் குண்டாகியிருந்தது. பனிக்கட்டியில் பட்டுத் துள்ளி, சுழன்று, வழுக்கிக்கொண்டு ஏரியில் ஓடத் தொடங்கியது. ஏரியில் அப்போது மான் ஓட்டப்பந்தயம். முதலாவதாக வந்துகொண்டிருந்த மான் தேங்காயைக் கண்டு வெருண்டு திரும்பி நின்றது. இரண்டாவது மான் வென்றுவிட்டது. ஒரு நாய் குரைத்துக்கொண்டு தேங்காயைத் துரத்தியது. நாய்க்குப் பின்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விக்னராஜா. சனம் இதையும் திருவிழாவில் ஒரு விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டியது. இந்தக் காட்சியை நில்ஸ் படம் எடுத்திருந்தான். யன்னலில் தொங்கும் கம்பளி விழுமளவுக்கு எல்லாரும் சிரிப்பது இந்தப் படத்துக்குத்தான். விக்னராஜா சிரிக்கமாட்டார். "உடையாத தேங்காய் என்ன சகுனம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்பார். சிரிப்பு அடங்கிவிடும்.

நில்ஸின் அக்கா பெயர் எல்லே. அவர் விக்னராஜாவை இழுத்துக்கொண்டுபோய்த் தன் கூடாரத்துக்குள் இருத்தினார். நிலத்தில் மரக்குழைகள் பரப்பி மேலே மான்தோல். நடுவில் கல் வைத்துக் கட்டிய அடுப்பு, நெருப்பு. எல்லே கோப்பி வார்த்தார். குடிக்கமுன் தன் கோப்பையிலிருந்து நாலைந்து துளியை நெருப்பில் ஊற்றினார். விக்னராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உது ஆருக்கு?"

எல்லே சிரித்தார். பழைய ஆக்களின் பழக்கம் என்றார். அடுப்புக்குக் கீழே ஓர் அம்மா இருக்கிறாளாம். பெண்களின் வயிற்றைக் காக்கிறவளாம்.

"பேர்?"

"சாராக்கா."

விக்னராஜா தொப்பியைக் கழற்றினார். அக்கா! அவருக்கு இனி ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. கையைக் காட்டி, வயிற்றைக் காட்டி, மனைவியின் சத்திரசிகிச்சைக் கதையை எல்லேக்குச் சொன்னார். சொல்லச் சொல்ல நில்ஸ் மொழிபெயர்த்தான். எல்லே தேங்காயை வாங்கி அடுப்புக் கல்லோடு அணைத்து வைத்தார். கோப்பி இரண்டாம் தரம் வார்த்துக்கொண்டிருந்தபோது, யாரும் தொடாமல், டமார் என்று வெடித்துச் சரிபாதியாகப் பிளந்தது தேங்காய். நாய் வெளியே ஓடிவிட்டது. பாதி உருகிய தண்ணீர் நேரே நெருப்புக்குள் வழிந்து சீறியது. எல்லே ஒரு துண்டை வெட்டி நெருப்பில் போட்டார். விக்னராஜா அழுதார். இதை அவர் ஒளிப்பதில்லை, புகையின்மேல் பழி போடுவதும் இல்லை. "அழுதனான். நல்லா அழுதனான்" என்று இருட்டுக்குள் சொல்வார்.

அடுத்துத்தான் வழக்கின் தலையாய சாட்சி. புரொஜெக்டர் கிளிக் என்கும். திரை முழுக்க வெள்ளை. ஒரு கோடு கிடையாது, நிழல் கிடையாது.

"இதுதான் தேங்காய்."

"இதிலை ஒண்டும் தெரியேல்லையே" என்பார் மகேந்திரராஜா. பருத்தித்துறையில் புரொக்டராக இருந்து, இங்கே வரி இலாகாவில் கிளார்க்காக வந்து சேர்ந்தவர். கோர்ட் இல்லாத குறையை இந்த அறையில்தான் தீர்த்துக்கொள்வார்.

"குளிருக்குள்ளாலை வந்த கமரா. கண்ணாடி வேர்த்துப்போச்சு. ஆனா அந்த வேர்வைக்குப் பின்னாலை தேங்காய் இருக்குது."

"காணாததைச் சாட்சியா எடுக்க ஏலாது, அண்ணை."

"கடவுளையும்தான் காணேல்லை. லைன் கிளியரோ?"

கும்பகோணத்து வாசுதேவன் மருந்துக் கம்பெனியில் இருப்பவர். எதற்கும் விஞ்ஞானம் பேசுவார். "ஆமா சார், உறைஞ்ச தேங்காயச் சூட்டுல வெச்சா வெடிக்கத்தானே செய்யும்? இதுல அதிசயம் என்ன இருக்கு?" விக்னராஜா எஞ்சினியர், அவருக்குத் தெரியாத பௌதிகமா? ஆனால் அந்த ஒரு தேங்காய் விஷயத்தில் மட்டும் அவர் பௌதிகத்தை வாசலோடு நிறுத்திவிடுவார்.

இப்போது குசினிக் கதவு திறக்கும். கடைசி வடைத் தட்டோடு இராஜேஸ்வரி வருவார். எதிர்த்தரப்பு வாதம் எப்போதும் சுருக்கமானது. "வேண்டினது சாமிக்கு. போனது சாமி ஆக்களிட்டை. அதை விடுங்கோ. உடைக்கிறன் எண்டுதானே வேண்டினனீங்கள்? நீங்கள் எங்கை உடைச்சனீங்கள்? அது தானா உடைஞ்சது." தட்டை வைத்துவிட்டுக் கம்பளிகளைக் கழற்றத் தொடங்குவார். பகல் வெளிச்சம் திடீரென்று உள்ளே வந்து எல்லாருடைய கண்ணையும் கூசவைக்கும். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

எழுபத்தேழில் நிஜமான சாமி ஒருவரே மெல்பேணுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துச் சந்நியாசி. உலகப் பயணத்தில் வாசுதேவன் வீட்டில் சில நாள் தங்கினார். விக்னராஜா விடுவாரா? புரொஜெக்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இராஜேஸ்வரியும் கூடப் போனார். சுவாமிகள் காவித் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படங்கள் முழுவதையும் கண் இமைக்காமல் பார்த்தார்.

"ஏன்யா, ஒரு எலை கூட இல்லாத காட்டுல அந்த மான் என்னத்தத் திங்கும்?"

"பனியைக் கிண்டி, அடியிலை கிடக்கிற பாசியைத் தின்னும் சாமி."

"அதுதான்யா தபசு" என்றார் சுவாமிகள்.

விக்னராஜா கைகட்டி நின்று வழக்கை எடுத்துரைத்தார். இரு தரப்பு வாதத்தையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அதில் அவர் நேர்மையானவர். "இந்தத் தேங்காய் செல்லுமோ, செல்லாதோ, சாமிதான் சொல்ல வேணும்."

"வேண்டிக்கிட்டது நீங்க. உசுரு யாருது?"

"மனிசியின்ரை."

"அப்ப அந்தம்மாட்ட கேளுங்க. அவங்க செல்லும்னா செல்லும்." பிறகு வாசுதேவனைப் பார்த்து, "ரொம்பக் குளிருது. அந்தக் கம்பளிய ஜன்னல்லேருந்து எடுத்து எங்கிட்டத் தாங்களேன்" என்றார்.

அறையிலிருந்த எல்லாத் தலைகளும் இராஜேஸ்வரி பக்கம் திரும்பின. அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றன்" என்றார்.

எதிராளியே நீதவானாகிவிட்டால் வழக்காளியின் கதி என்ன? அடுத்த நாளிலிருந்து விக்னராஜா விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டு மனைவிக்குக் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார். சீனி கூடிப்போகும், சில நாள் தேயிலையே இருக்காது. மூன்று வருடமாக ஒழுகிய குசினிப் பைப்பைத் திருத்தினார். கறிக்கு உப்புக் குறைந்தாலும் "வடிவா இருக்குது" என்றார்.

"நீதவானுக்குத் தேத்தண்ணி குடுத்துத் தீர்ப்பு வாங்கப் பாக்கிறீங்களோ?"

"சும்மா போட்டனான்."

"கடைசிப் பரிசோதனை வருகுதெல்லே. டொக்டரிட்டைப் போட்டு வந்து சொல்றன்" என்றார் இராஜேஸ்வரி. சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

விக்னராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு காலமும் தனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தார். தேங்காய் செல்லும் என்று அவர் சாட்சி சேர்த்ததும் பயத்தில்தான். செல்லாது என்று மனைவி சொல்லி வந்ததும் பயத்தில்தான். செல்லும் என்று சொல்லி, பிறகு கட்டி திரும்ப வந்துவிட்டால் யாரிடம் போவது? அவர் வேலைக்குப் போனார். கதவை ஒருமுறைதான் இழுத்துப் பார்த்தார்.

ஓகஸ்ட் மாதக் காற்று வீசிய ஒரு காலையில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெயர் கூப்பிட்டதும் இராஜேஸ்வரி தன் கைப்பையை அவருடைய மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது.

விக்னராஜா கண்ணை மூடினார். வாய் "சாமி" என்று தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது. இந்தமுறை பிழை விடக்கூடாது. பேர், ஊர், கோயில், என்ன பொருள், உடைப்பது யார் என்று எல்லாம் சரியாகச் சொல்லியாக வேண்டும். முதலில் பிள்ளையாரா, அம்மனா? பழைய நேர்த்தி தீர்ந்ததா இல்லையா என்றே தெரியாதவன் புது நேர்த்தி வைக்கலாமா? இதையெல்லாம் யாரைக் கேட்பது? அவர் ஒன்றையும் வேண்டவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கிக்கொண்டு, எதிர்ச் சுவரில் கைகழுவச் சொல்லும் அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் விளங்கவில்லை.

கதவு திறந்தது. இராஜேஸ்வரி வந்தார். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர் முகம் எப்போதும் அப்படித்தான்.

"இனி வரத் தேவையில்லையாம்."

"வடிவாக் கேட்டனீரோ?"

"ஓம்."

"இன்னொருக்காக் கேப்பமோ?"

"இங்கிலீசிலைதான் சொன்னவர். எனக்கு விளங்கினது." இராஜேஸ்வரி கோட்டுக்குப் பொத்தான் போட்டார். பிறகு அவரைப் பார்க்காமல், "உங்கடை அடுப்படி அக்கா தேங்காயை எடுத்திட்டா எண்டு வையுங்கோவன்" என்றார்.

வழக்கில் வென்ற மனிதர் லைன் கிளியரோ என்றுகூடக் கேட்கவில்லை. எழும்பி நடந்தார். படியிறங்கி, வாசலைத் தாண்டி, சுவான்ஸ்டன் வீதியில் டிராம் தரிப்பிடம்வரை நடந்தார். டையும் நீளக் கோட்டும் தொப்பியுமாக நடந்த அவருடைய முழங்கையில், இராஜேஸ்வரியின் பழுப்புக் கைப்பை ஆடிக்கொண்டிருந்தது. மனைவியின் குடையைக்கூடத் தெருவில் பிடிக்காத மனிதர் அவர். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். இராஜேஸ்வரி பையைக் கேட்கவில்லை. இரண்டடி பின்னால், வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார்.

டிராம் வந்தது. "நல்ல பை, மேட்" என்றான் கண்டக்டர். அது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. பையைத் தோளில் நன்றாக மாட்டிக்கொண்டு உயரமான படியில் ஏறினார். ஏறியவர் உள்ளே போகாமல் அங்கேயே திரும்பி நின்று, அத்தனை பேர் பார்க்க, கீழே நின்ற மனைவிக்கு இரண்டு கையையும் நீட்டினார்.